தூசி பிடித்த பலூன்

மலையேறி வந்த பஸ்ஸுக்குள் ஒரு அருங்காட்சியகமே இருந்தது. ஏற்காடு ஏரிக்கரையில் அது நின்ற அந்த வாரம், பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல எங்கள் பள்ளியில் ஆறு பேரைப் பொறுக்கினார்கள். எட்டாம் வகுப்பு நான். சட்டையில் பேட்ஜ். எனக்கு வாய்த்தது நுரையீரல்.

இரண்டு ஜாடிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பலூன், அடியில் ரப்பர் தாள். தாளை இழுத்தால் பலூன் உப்பும், விட்டால் சுருங்கும். இரண்டாவது பலூனில் பசை தடவிக் கல்தூள் ஒட்டியிருந்தார்கள். எவ்வளவு இழுத்தாலும் அது லேசாக நடுங்கும், அவ்வளவுதான்.

பஸ்ஸோடு வந்து எங்களைப் பழக்கிவிட்ட அக்கா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “தெரியாததக் கேட்டா, ‘தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்’னு சொல்லோணும் கண்ணு. அதுல வெக்கமே இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். அடிவாரத்துக் கிரஷரில் ஜல்லி உடைக்கும் வேலை. வாரத்துக்கொரு நாள்தான் வீடு. அன்று காலையும் அம்மா கெஞ்சியிருந்தாள்: “இந்த இருமலோட எதுக்குங்க மறுக்கா கிரஷருக்குப் போறீங்க? வுட்டுருங்க.”

நான் ஒப்பித்ததைக் கேட்டுவிட்டு இறங்கிப் போனவர், மறுபடி வரிசையில் வந்து நின்றார். மூன்றாம் முறையும் வந்தார். பக்கத்தில் நின்ற தோழி காதைக் கடித்தாள்: “உங்கப்பனுக்கு மண்டையில ஏறவே இல்லயாடி?”

அப்பா இருமலை அடக்கிக்கொண்டு, யாரோ ஓர் அதிகாரியிடம் பேசுவதுபோல் கேட்டார்: “ஏனுங்க டீச்சர், அந்தத் தூசியத் தட்டிவுட்டா பழையபடி ஊதுமுங்களா?”

வரிசை சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குக் கொடுத்திருந்த குறிப்பில் அதற்குப் பதில் இல்லை. அக்காவின் வாக்கியம் நாக்கு வரை வந்தது. அப்பா முன்னாலா, தெரியாதென்று சொல்வது? தூசி பலூனைக் கழற்றிப் போட்டேன். புதிதாய் ஒன்றை மாட்டி, ரப்பரை இழுத்தேன். ஜாடி கொள்ளாமல் சிவப்பாக உப்பியது.

“பாத்தீங்களா? சரியாயிருச்சு.”

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா மட்டும் கீழே கிடந்த பலூனை எடுத்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“நொம்ப நல்லாச் சொன்னீங்க சாமி.”

அந்த பஸ்ஸுக்கு மூன்றே படிகள். நின்று நின்று இறங்கினார்.

மறுநாள் அம்மாவிடம், “சரியாப் போயிரும்” என்று சொல்லிவிட்டுக் கிரஷருக்கே கிளம்பினார். அதற்கடுத்து மலையில் காப்பி பூத்தபோது அவர் உயிரோடு இல்லை.

மகள் பேசுகிற அழகைக் கேட்கத்தான் மூன்று முறை வந்தாரென்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.