தனக்கோடியின் பத்து நிமிடம்

முதல் சிலிண்டர் நிரம்பியதும் தனக்கோடி முந்தானையிலிருந்து துணி கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொள்கிறார். வாய்க்குழாயைக் கடித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தாம் அடைத்த காற்றைத் தாமே பத்து நிமிடம் இழுக்கிறார். பிறகு கிளிப்பைக் கழற்றி, குழாயில் வரும் காற்றை ஒருமுறை முகர்ந்து பார்க்கிறார். எதிரில் டைவர்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல நிற்கிறார்கள். அனுமந்தைக் கரையில் அன்றைய முதல் மூச்சு அவருடையது. "நான் சாவலன்னா நீங்க போலாம்" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. புதுச்சேரியில் மூடிப்போன ஒரு டைவிங் கடையிலிருந்து வாங்கிய கம்ப்ரசர் அவருடையது. அது காற்று இழுக்கும் குழாயைச் சவுக்குக் கழியில் உயரக் கட்டியிருக்கிறார். காற்று திசை மாறினால் கழியும் இடம் மாறும். படகு எஞ்சின், பீடி, மீன் வறுவல் மூன்றுக்கும் அந்தப் பக்கம் தடை. பக்கத்து வீட்டு வேலம்மாள் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் அடுப்பில் சட்டி வைக்கிறார். ஒருமுறை கேட்காமல் வறுத்துவிட்டார். அன்று கடலுக்கடியில் இரண்டு பேருக்குப் பசி எடுத்ததாம்.

கம்ப்ரசரின் வடிகட்டி ஒரு நீள டப்பா. உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள், எண்ணெய் வாடையைப் பிடிக்கும் கரி, எஞ்சின் புகையில் வரும் விஷமான கார்பன் மோனாக்சைடை முறிக்கும் மருந்து. மணிகள் ஈரமாகிவிட்டால் மருந்தும் வேலை செய்யாது. கம்ப்ரசரோடு வந்த புத்தகம் ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு டப்பா என்கிறது. "அத எழுதுனவன் மே மாசப் புழுக்கத்துல மரக்காணம் பக்கம் வந்திருக்கானா?" என்று கேட்கிறார் தனக்கோடி. அவர் நம்புவது மீன் தராசை. புது டப்பாவை நிறுத்து எடையை மூடியில் எழுதுவார். முப்பது கிராம் ஏறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். வெளியே போட்டுவிடுவார்.

ஜெயசீலன் என்ற டைவர் அப்படி வெளியே போட்ட ஒன்றை எடுத்துப்போய் உப்பளத்து வரப்பில் நான்கு நாள் காயவைத்துக் கொண்டுவந்தார். கடல் தண்ணியே காஞ்சு உப்பாவுற ஊருல இது காயாதா என்பது அவர் வாதம். தனக்கோடி அதைத் தராசில் வைத்தார். இன்னும் ஒன்பது கிராம் ஏறியிருந்தது. "ஏம்பா, உப்புக்காத்தையும் சேத்து ஊட்டி வளத்துட்டியே. பேரு வச்சியா?" அந்த டப்பாவில் இப்போது கற்றாழை வளர்கிறது. பெயர் ஜெயசீலன்.

என் அப்பா பாலகுருவும் இவரிடம்தான் காற்று பிடித்தார். சித்திரையில் ஒரு படகின் புரொப்பல்லரில் சிக்கிய வலையை அறுத்துவிட்டுக் கரையேறினார். சிலிண்டரைக் கழற்றினார். உட்கார்ந்தார். எழவில்லை. மருத்துவமனை இதயம் என்றது.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எந்த மூக்கும் அதைக் கண்டுபிடிக்காது. மூன்று மாதம் கழித்து அதை அளக்கும் மீட்டரோடு போனேன்.

என்னைப் பார்த்ததும் தனக்கோடி வீட்டுக்குள் கூட்டிப்போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பாவின் சிலிண்டரை இழுத்தார். வால்வின் மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. "அண்ணன் பாதிதான் குடிச்சாரு. மீதி அப்படியே இருக்குது. நீ வருவன்னு தெரியும் கண்ணு."

வால்வைத் திறந்து மீட்டரைப் பிடித்தேன்.

"என்னா காட்டுது?"

"ஒண்ணுமில்ல அத்த. பூஜ்யம்."

"இன்னொரு தபா வையி."

வைத்தேன். பூஜ்யம்தான். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். வெளியே ஜெயசீலன் அடுத்த சிலிண்டருக்காகக் காத்திருந்தார். சித்திரைக்கு முன்னெல்லாம் தனக்கோடி தாமே காற்றை இழுத்துப் பார்க்கும் சோதனை இரண்டே நிமிடம்தான் என்று, நான் வரும்போது ஜெயசீலன்தான் சொல்லியிருந்தார்.

எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தனக்கோடி முந்தானையால் அதைத் துடைத்து, துணி கிளிப்பை என் மூக்கில் மாட்டினார். பிறகு அப்பாவின் சிலிண்டரில் குழாயைப் பொருத்தி, வாயில் வைக்கும் முனையை என் பக்கம் நீட்டினார்.