உப்பில்லாத பௌர்ணமி

தொண்ணூறுகளின் கடைசியில் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் நானும் என் வீட்டுக்காரரும் டிபன் கடை வைத்திருந்தோம். எங்களிடம் ஒரு செவலை நாய் இருந்தது. அதற்குக் காக்காவலிப்பு. வலிப்பு வந்தால் போதும், பக்கத்துக் கடைக்காரம்மா சாவிக்கொத்தோடு ஓடிவந்து அதன் காலில் திணிப்பாள். மனுஷனாவது இறுக்கிப் பிடிப்பான், நாய் எந்த விரலால் பிடிக்கும்? சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா முதலில் மாத்திரை கொடுத்தார். நாய் குடிகாரனைப் போல் தள்ளாடியதே தவிர வலிப்பு நிற்கவில்லை. அளவைக் கூட்டினால் ஈரல் கெட்டுவிடும் என்று, மாத்திரையோடு புரோமைடு என்ற மருந்தையும் சேர்த்தார். தண்ணீரில் கரைத்துச் சோற்றில் கலக்க வேண்டும். உடம்பில் பிடிக்க மாதக்கணக்காகும், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

மெல்ல மெல்ல வலிப்பு குறைந்தது, பௌர்ணமியைத் தவிர. பௌர்ணமி போன மூன்று நாளுக்குள் கட்டாயம் வந்துவிடும், அதுவும் ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று. ஒரு தடவை அது பிழைத்ததே பெரும்பாடு. வீட்டுக்காரர் அன்று சாப்பிடவே இல்லை. "இன்னொரு வாட்டி இப்படி வந்தா ஊசி போட்டு அனுப்பிடலாம். என்னால பாக்க முடியல," என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், "நிலாதாங்க காரணம், ஊரே சொல்லுது," என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் நிதானமாக, "பௌர்ணமி அன்னைக்கு என்னம்மா சாப்பிடுறான்?" என்று கேட்டார்.

நான் பெருமையாகச் சொன்னேன். "வீட்டுச் சோத்தத் தொடவே மாட்டான்ங்க. வைரவர் வாகனம்னு மலை சுத்த வர்றவங்க எல்லாம் போடுவாங்க. புளிசோறு, சுண்டல், ஊறுகா வச்ச தயிர்சோறு. அண்ணாமலையார் பேரச் சொல்லிப் போடுற சோறு மருந்த விட ஒசத்தின்னு நானே அவுத்து விட்ருவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அத்தனையும் உப்பும்மா. உப்பு ஜாஸ்தியானா இந்த மருந்து மூத்திரத்துல வெளிய போயிடும். மருந்து கம்மியானா வலிப்பு வரும். நிலா என்ன பண்ணும், பாவம்."

என்னை நானே நாலு அறை விடலாம் போலிருந்தது.

அடுத்த பௌர்ணமிக்குக் கட்டிப் போட்டேன். தெரு அதிர ஊளையிட்டது. எதிரிலேயே அன்னதானம், அதற்கும் மூக்கு இருக்கிறதே. மனசு கேட்காமல் ஓர் அட்டையில் 'எனக்கு வலிப்பு. உப்பு ஆகாது' என்று எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு, கடை வாசலில் உட்கார வைத்தேன். அட்டையைப் படித்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். ஒரு அம்மா மட்டும் என்னை முறைத்து, "உப்பில்லாம ஒரு ஜீவன் எப்படிம்மா தின்னும்?" என்றாள்.

"ரோசம் இல்லாத நாய்ங்க, தின்னும்," என்றேன்.

முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. மூன்றாம் நாள் கை மாவு ஊற்றியதே தவிர, என் கண் அதன் கால் மேலேயே இருந்தது. கால் இழுத்துக்கொண்டால் முடிந்தது கதை.

சாயங்காலம் அது எழுந்து சோம்பல் முறித்தது. நேராகப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இலையிலிருந்து மெதுவடையைக் கவ்விக்கொண்டு பாதையில் பறந்தது. ஊசி போட்டுவிடலாம் என்ற மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "டேய், அதுல உப்பு இருக்குடா. துப்புடா கண்ணு, துப்புடா."

கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் ஒரு தடவைகூடக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. நான் அழுதுகொண்டே சிரித்து, அந்த இலைக்குச் சுடச்சுட இரண்டு வடை வைத்தேன்.