கமர் நிஷா அழுத்திய விசை

பார்வையில்லாத கமர் நிஷாவுக்கு, வண்ணார்பேட்டையில் தென்பாண்டி விதைக் கழகத்தின் தொலைபேசி இருக்கைதான் உலகம். 1999இல் அந்த உலகத்தைப் பிடுங்க ஒரு பெட்டி வந்தது. வரும் அழைப்புகளைப் பெட்டியே பிரித்து அனுப்பிவிடுமாம், ஆள் தேவையில்லையாம். ஆள் தேவையில்லை என்றால் வெளியூர் மாற்றல். மேலப்பாளையத்து வீட்டில் பக்கவாதத்தில் கிடக்கும் உம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்?

மேலாளர் வைத்தி ஒரு வழி சொன்னார்.

"கழகத்துக்கு வெப்சைட் வரதும்மா. எந்தக் கிட்டங்கியில என்ன விதை இருக்குன்னு அதுல போடுவா. போன்ல கேக்கறவாளுக்கு நீ அதைப் பார்த்துச் சொல்றதானா, விசாரணை இருக்கைன்னு ஒண்ணு கேட்டு வாங்கிடறேன்."

திரையில் உள்ளதை ஆங்கிலத்தில் வாசிக்கும் மென்பொருளைத் துபாயிலிருந்து அண்ணன் அனஸ் அனுப்பிவைத்தான். வெப்சைட் செய்யும் இளைஞன் கிரீஷ் அதை ஏற்றிக் கொடுத்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் விசையைத் தட்டினாள். "கிராஃபிக்... கிராஃபிக்..." என்றது இயந்திரம். வேறு ஒரு சொல்லும் இல்லை.

"என்ன நிஷாம்மா, மெஷினுக்கு இன்னும் பேச்சு வரலையோ? எங்க வீட்டுக்காரிய அனுப்புதேன், ரெண்டே நாள்ல பழக்கிருவா" என்றான் பியூன் இன்பமணி.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து வராது என்று, கிரீஷ் பக்கம் பக்கமாகத் தமிழைப் படமாக ஒட்டியிருந்தான். படத்தை இயந்திரம் எப்படி வாசிக்கும்?

"ஒவ்வொரு படத்துக்கும் பின்னால இங்கிலீசுல எழுதிருங்க தம்பி. அது போதும் எனக்கு."

கிரீஷ் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து எழுதினான். ஒருநாள் மத்தியானம், வெள்ளைக்காரன் வாயால் "சீவலப்பேரி" என்று காதுக்குள் ஒலித்தது. அந்த ஊர்க் கிடங்கில் என்ன நெல் விதை இருக்கிறது என்றும் சொன்னது. கமர் நிஷா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிழைத்தோம் என்று நினைத்தாள், பாவி மகள்.

கழகச் சேர்மன் முன்னால் அவள் வெப்சைட்டை இயக்கிக் காட்டவேண்டிய தொடக்க விழாவுக்கு முந்தின நாள், அவர் சிரிக்கும் பெரிய படத்தோடு புதுப் பக்கங்கள் மதுரைத் தலைமையகத்திலிருந்து வந்து இறங்கின. கிரீஷ் எழுதியது அத்தனையும் அழிந்துபோனது. திரும்ப எழுத நேரமில்லை.

"மெஷின் முன்ன வாசிச்சதப் பதிஞ்சு, மேசைக்கு அடியில டேப் ரிக்கார்டர் வச்சிருக்கேன்க்கா" என்றான் அவன், குரல் இறங்கி. "நீங்க விசைய அமுக்குங்க, நான் டேப்ப ஓட விடுதேன். வைத்தி சார்ட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு ஒரு நாள்தான். அப்புறம் பைய சரி பண்ணிக்கலாம்."

அவள் உம்மாவை நினைத்தாள். சரி என்றாள்.

மறுநாள் அவள் விசையை அழுத்தினாள். டேப் பேசியது. கூட்டம் கைதட்டியது. சேர்மன் அவள் தலையில் கைவைத்து வாழ்த்தினார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மாற்றல் ஆணை வந்தது. பரமக்குடி.

வைத்தியின் அறைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு ஓடினாள்.

"நான் என்னம்மா பண்ணுவேன்? கண் தெரியாதவாளே தானாக் கேட்டுத் தெரிஞ்சுக்கற வெப்சைட்டுக்கு, விசாரணைக்குன்னு ஒரு ஆள் எதுக்குன்னு சேர்மன் கேக்கறார்."

"அது டேப்பு சார். உங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே. நீதானே உக்காந்து காட்டினே? ஏமாத்தினோம்னு எழுதித் தரியா? கிரீஷுக்கு வேலை போகும். உனக்கும் போகும்."

சுவரைத் தடவிக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவி பத்திரிகையை விரித்து உம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். "பாருங்க மாமி, உங்க மவ ராணி கணக்கா உக்காந்திருக்கா!"

கோணிய வாயால் உம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. பரமக்குடி என்ற சொல்லைத் தொண்டைக்குள்ளேயே அழுத்திக்கொண்டு, கமர் நிஷா உம்மாவுக்குக் கஞ்சி ஆற்ற உட்கார்ந்தாள்.