ஒரு வார்டு, இரண்டு சானல், எங்கள் அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் எங்கள் உறவினர். மீதிப் பேர் அண்ணனிடம் கேபிள் வாங்கியவர்கள், அல்லது அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு கோ மியோவிடம் கேபிள் வாங்கியவர்கள். அந்தக் கடைசி வகையினரும் முதலாண்டுத் திதிக்கு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்திருந்தால் அண்ணன் உங்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டுவிட்டு, "இப்பவாச்சும் நம்ம லைனுக்கு வாங்க" என்று கேட்டிருப்பார்.

அண்ணன் பிறந்தது யாங்கோன் பக்கத்துக் கியாக்தானில். தாத்தா துறைமுக வேலைக்காகக் கடல் தாண்டிப் பர்மாவுக்கு வந்தவர். அப்பாவுக்குக் கியாக்தான் கடைத்தெருவில் சின்ன மளிகைக் கடை. ஆற்றுக்கு நடுவே இருக்கும் பகோடாவுக்குப் படகேறப் போகிறவர்கள்தான் வாடிக்கைக்காரர்கள். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு யாங்கோனுக்கு பஸ் ஏறி ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்ந்தார். அம்மாவைக் காப்பாற்றியதும், தங்கையான என்னைப் பட்டம் வரை படிக்க வைத்ததும் அந்தக் கடையில் ஈயம் உருக்கிய கைதான். தன் படிப்பு நின்றுபோனதைப் பற்றி அண்ணன் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

பிறகு யாங்கோனிலேயே தாகேதாவில் வீடு, அண்ணி, ஒரு மகன். மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து தெருத் தெருவாகக் கம்பி இழுத்து வீடுகளுக்குப் படம் கொடுக்கத் தொடங்கினார். எல்லாச் சானல்களும் வெளியிலிருந்து வருபவை. ஒன்றே ஒன்றை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டார். அதுதான் வார்டுச் சானல். தண்ணீர் எப்போது வரும், எந்தத் தெருவில் மின்சாரம் நிற்கும், அம்மன் கோயிலில் என்ன பூசை, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு எல்லாம் அதில் வரும். பர்மியத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை அண்ணனே வாசிப்பார்.

உள்ளதைச் சொன்னால் என்ன? போட்டிக்கு ஆள் இல்லாத காலத்தில் அண்ணன் கொஞ்சம் ராஜா மாதிரிதான் இருந்தார். கம்பி அறுந்தது என்று காலையில் சொன்னால் நாளைக்கு வருகிறேன் என்பார். நாளைக்குப் போனால் அடுத்த நாளைக்கு என்பார். அப்போதுதான் கோ மியோ வந்தார். பர்மியர், அண்ணனைவிட இளையவர், வாயும் நீளம், ஏணியும் நீளம். அதே வார்டில் அவரும் டிஷ் போட்டார், கம்பி இழுத்தார், தனக்கென்று ஒரு வார்டுச் சானலும் தொடங்கினார். அதற்குப் பிறகு அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நாங்கள் பார்த்தோம்.

ஒரு வருடம் நம் தீமிதியைக் கோ மியோ டீக்கடை மாடியிலிருந்து படம் பிடித்தார். பூக்குழி முழுசாகத் தெரிந்தது. அண்ணன் படத்தில் முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. நம் சனமே கோ மியோ சானலில் போய் உட்கார்ந்தது. அண்ணன் கோபத்தில் ஒருவாரம் டீக்கடைப் பக்கமே போகவில்லை. பிறகு புத்த மடத்தில் துறவிகளுக்குத் துவராடை கொடுக்கும் விழாவைச் மடத்துப் பெரிய துறவிகளிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு அருகிலிருந்து அழகாகப் படம் பிடித்துப் போட்டார். இப்படிப் போட்டி போட்டே அவர் நம் சாமியையும் இவர் அவர்கள் மடத்தையும் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த ஊ தின் மாவுங் கதையை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. நம்மில் பலருக்கு வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர், ஊருக்கு ஒரு பர்மியப் பெயர். முருகேசன் மாமா இறந்தபோது, அவசரத்தில் அண்ணன் அவருடைய பர்மியப் பெயரை மட்டும் சொல்லி, ஊ தின் மாவுங் காலமானார் என்று அறிவித்துவிட்டார். படம் கிடைக்கவில்லை, தெருப் பெயரும் விட்டுப்போயிற்று. இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஊ தின் மாவுங் இருந்தார். அவர் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மலர்வளையத்தோடு ஆட்கள் வந்து நின்றார்கள். சற்று நேரத்தில் கோ மியோ அந்த மனிதரைக் கூட்டிப்போய்த் தன் கேமராவின் முன் உட்கார வைத்துவிட்டார். நான் இருக்கிறேன், மொஹிங்காதான் ஆறிப்போயிற்று என்று அவர் சொல்ல, வார்டே சிரித்தது.

அண்ணனுக்கு முகமே சிவந்துவிட்டதாம். உயிரோடிருந்த அந்த ஊ தின் மாவுங்கிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து அண்ணியிடம் சொன்னது இது: "மியோ மட்டும் இல்லாட்டி, அந்த மனுசன் இன்னிக்குப் பூரா செத்தவனாவே இருந்திருப்பாரு." அன்றிலிருந்து எந்த மரண அறிவிப்பிலும் படம், இரண்டு பெயர், தெரு மூன்றும் இல்லாமல் அண்ணன் வாய் திறந்ததில்லை.

நான் அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் விளம்பரப் பகுதியில் வேலை பார்க்கிறேன். அண்ணனுக்கும் எனக்கும் தொழில் ஒன்றுதான், கம்பிதான் வேறு. எங்கள் நிலையமும் எதிர் நிலையமும் செய்திக்காக அடித்துக்கொள்ளும். அப்புறம் வெளியூர் முதலாளி ஒருவர் இரண்டையும் வாங்கிவிட்டார். இப்போது இரண்டு மேசை, இரண்டு முகம், வாசிக்கும் தாள் மட்டும் ஒன்று. விளம்பர விலையைக் கூட்டிவிட்டீர்கள் என்று என்னிடம் சண்டை போட்ட சோபாக் கடைக்காரர், உடனே எதிர் நிலையத்துக்குப் போன் செய்தார். அதையும் நான்தான் எடுத்தேன்.

இதைச் சொன்னபோது அண்ணன் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "அப்ப நீங்க தப்பாச் சொன்னா யாரு தங்கச்சி திருத்துவாங்க?" என்று கேட்டார்.

அந்த வருட மழைக்காலத்திலேயே அண்ணனுடைய அந்தக் கேள்விக்குச் சோதனை வந்தது. ஒரு மாலை, நின்றுபோன மின்சாரம் அளவுக்கு மீறிய வேகத்தோடு திரும்பி வந்தது. தெருவெல்லாம் "மீ லா பீ", கரண்ட் வந்தாச்சு என்று கூவிக்கொண்டிருந்தபோது, கோ மியோவின் அறையில் கருவிகள் கருகிப் புகைந்தன. நகரத்தில் ஒரு நிறுவனம் இரண்டு லைன்களையும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் கோ மியோவிடமும் வந்தார்கள், அண்ணனிடமும் வந்தார்கள். வார்டுச் சானல் இருக்காது, நகரம் முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி என்று ஒளிக்காமலே சொன்னார்கள். கோ மியோ விற்றுவிட்டால் அண்ணனும் நெடுநாள் தாங்க முடியாது. உறவினர்களோ வேறு கணக்குப் போட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, அவன் வீடுகளையெல்லாம் நம் லைனில் சேர்த்துக்கொள் என்றார்கள். அண்ணன் மகனுக்கும் அதே எண்ணம்தான்.

அண்ணன் ஒரு சுருள் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கோ மியோ வீட்டுக்கு நடந்தார். தன் அறையிலிருந்து அவர் அறைக்குக் கம்பி இழுத்து, எல்லாச் சானல்களையும் கொடுத்தார். வார்டுச் சானலை மட்டும் கொடுக்கவில்லை. உன்னுடையதை நீயே ஓட்டு, ஒரு கேமரா போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று அண்ணி சத்தம் போட்டார்.

"அவன் வர்றதுக்கு முன்னால நான் எப்பிடி இருந்தேன்னு உனக்குத் தெரியாதா?" என்று மட்டும் அண்ணன் கேட்டார். அண்ணிக்கு நன்றாகவே தெரியும்.

கோ மியோ விற்கவில்லை. அண்ணனும் விற்கவில்லை. புதுக் கருவிகள் வந்து கோ மியோ சொந்தக் காலில் நின்றதும் தன் சானலில் போட்ட முதல் செய்தி, அண்ணனுடைய கம்பி மூன்றாம் தெருவில் தாழத் தொங்குகிறது என்பது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நன்றி கெட்டவன் என்று திட்டிக்கொண்டே ஏணியை எடுத்தார். அப்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

சர்க்கரை நோய் கடைசி வருடத்தில் அண்ணனை மாடி ஏறவிடவில்லை. படுக்கைக்கு எதிரே இரண்டு டிவிப் பெட்டிகளை வைத்து, ஒன்றில் தன் சானலும் ஒன்றில் கோ மியோ சானலும் ஓட விட்டிருந்தார். இரண்டிலும் ஒரே மாதிரிச் செய்தி வந்தால் மகனைக் கூப்பிட்டு, அப்புறம் இரண்டு எதற்கு என்று கண்டிப்பார். ஒரு காலையில், தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார்.

மகன் அழுதுகொண்டே அறிவிப்பைப் போட்டான். படம், இரண்டு பெயர், தெரு, எல்லாம் சரியாக இருந்தன. கோ மியோ சானலில் அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குமா என்று அண்ணிக்கு மனம் கசந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கோ மியோ வெள்ளைச் சட்டையோடு வந்தார். அண்ணன் முகத்தை வெகுநேரம் பார்த்தார், பாதத்தைத் தொட்டார், திரும்பிப் போனார். அதன் பிறகுதான் அவர் சானலில் பாட்டு நின்றது. இரண்டு சானலிலும் ஒரே படம் ஓடியது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த வாரம் நான் வந்து சேர்ந்து, பாட்டை நிறுத்த ஏன் அவ்வளவு நேரம் என்று கோ மியோவிடம் கேட்டேன். அவர் பர்மியத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும், அக்கோ என்றால் அண்ணன்: "அக்கோ சானல்ல வந்துச்சுன்னு நம்பி நான் எதையும் போட்டதில்ல. நானே போய்ப் பாத்துட்டுத்தான் போடுவேன். இந்த ஒரு தடவ, அது தப்பா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்."

அண்ணனைக் கடைசிவரை கண்ணாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், இரவு பகல் பாராமல் வந்த மருத்துவருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், கோயில் சங்கத்தாருக்கும், தேநீர் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டு டோ கின்னுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கோ மியோவுக்கு நன்றி சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. ஆகையால் அவரிடம் ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். இப்போது சானலை ஓட்டுவது அண்ணன் மகன். சின்னவன், அவசரக்காரன், தப்புச் செய்வான். விட்டுவிடாதீர்கள்.