ஹேவாஹெட்டவுக்கு மேலே ஒரு செய்மதி

இங்கே மழையைக் கெட்ட காலநிலை என்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சொல் என் காதுக்குப் பழகவில்லை. என்னோடு வேலை செய்யும் மார்ட்டின் ஒருநாள் ஜன்னலைப் பார்த்து அப்படிச் சலித்துக்கொண்டபோது, "எங்கள் தோட்டத்தில் இது தேயிலைக் கொழுந்து வளரும் காலநிலை" என்றேன். எத்தனை ஏக்கர் என்று மரியாதையோடு கேட்டார். தோட்டம் எங்களுடையதல்ல, நாங்கள்தான் தோட்டத்துக்குரியவர்களாக இருந்தோம் என்று விளக்க என் ஜெர்மன் போதவில்லை.

துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றப்போகும் புதிய தலைமுறை வானிலைச் செய்மதிகளை நாங்கள் உருவாக்குகிறோம். மேகத்தை ஊடுருவி, அதற்குள் இருக்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் கருவி என் பொறுப்பு. காற்றை உறிஞ்சியெடுத்த ஒரு பெரிய அறைக்குள், விண்வெளிக் குளிரில் வைத்து அதைச் சோதிக்கிறோம். கண்ணாடிக்கு அப்பால் பொன்னிறத் தாள் போர்த்துத் தூங்குவதுபோல் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், கண்டியிலிருந்து எங்கள் ஊரான ஹேவாஹெட்டவுக்கு ஏறும் பஸ்ஸுக்குள் போய்விடுவேன். ஏதோவொரு வளைவில் மேகம் ஜன்னல் வழியே உள்ளே வரும். முன்னால் இருப்பவரின் தலை மங்கிவிடும். ஆனாலும் யாரும் பேச்சை நிறுத்தமாட்டார்கள்.

அப்படியொரு மேகத்துக்குள்தான் அப்பா போனார். நான் கண்டியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடாத மழைக்குப் பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலிருந்த சரிவு இறங்கி, வீட்டோடு அப்பாவை மூடிவிட்டது. மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்ததால் அக்கா புஷ்பம் தப்பினாள். முன்கூட்டி எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா இன்னமும் அந்த மலையடியில்தான் இருக்கிறாள். எங்கள் செய்மதி இன்னும் ஏவப்படவில்லை. சென்ற வருடம், இப்போது சுற்றிவரும் பழைய செய்மதிகளின் படங்களில், கடலிலிருந்து ஈரம் திரண்டு மலைநாட்டை நோக்கி நகர்வதைக் கண்டேன். உடனே அழைத்தேன்.

"அக்கா, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுல போயித் தங்கிக்கங்க."

"இங்க வெயிலடிக்குது மலர். துணி காயப் போட்டிருக்கேன்."

"நாளைக்கு மழ வரும்."

"மல சரியும்னு ஒன் மிசினு சொல்லுதா?"

"மழையத்தான் சொல்லும். மலையப் பத்தி அதுக்குத் தெரியாது."

"அப்பாவுக்கு இதக்கூட யாரும் சொல்லலையே" என்றாள்.

வீடு வீடாகத் தட்டி, லயத்தில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனாள். மழை கொட்டியது. மலை அசையவில்லை. பாய் சுருட்டிக்கொண்டு திரும்பியவர்களைப் பார்த்து, போகாதவர்கள் சிரித்தார்களாம். அவளை அழைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளே அழைத்தாள்.

"மல சரியலன்னு சங்கடப்படுறியா? சரியாம இருக்கத்தான சாமி கும்பிடுறோம். அடுத்த தடவயும் சொல்லு, போறோம்."

சென்ற வாரம் கருவி சோதனையில் தேறியது. அதைச் சொல்ல, மத்தியான வெயிலில் ஏரிக்கரையில் நடந்தபடியே அக்காவை அழைத்தேன். "ஒண்ணும் கேக்கல, நீயே கேளு" என்று போனைக் கூரைப் பக்கம் நீட்டினாள். தகரத்தின்மேல் மழை. வழக்கமான மழைதான், பயமில்லை என்று அந்தச் சத்தமே சொன்னது. பாய்மரப் படகுகள் அசையாமல் மினுங்கின. மனிதர்கள் புல்லில் மல்லாந்து வெயில் காய்ந்தார்கள். நான் எப்போது நகர்ந்தேனென்று தெரியவில்லை. ஒரு கடையின் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கி, சேலைத் தலைப்பே இல்லாத தோளில் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், தலையை மூடிக்கொள்ள.