திரையில் இல்லாத மனிதன்

அந்த மனிதன் வெள்ளை ஷூ போட்டிருந்தான். பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தவனைப் போல முழங்காலை மடக்கிக் காற்றில் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே சிவப்புத் துணி பாராசூட்டாக விரிந்திருந்தது. முதுகில் ஒரு சிறிய இயந்திரமும் காற்றாடியும். எங்கள் விமானத்துக்குச் சற்று மேலே, வலப்பக்கமாக அவன் கடந்துபோனபோது முகம் தெரியவில்லை. ஷூவின் அடிப்பகுதி தெரிந்தது. அன்றைய பதிவு எதிலும் அவன் இல்லை. அப்படி ஒருவன் வரவேயில்லை என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை.

அவர் எங்கள் கேப்டன். நான் அவருக்கு வலப்பக்கத்து இருக்கையில் அமரும் துணை விமானி. இருவருக்கும் தூத்துக்குடிதான் ஊர், ஒரே கடற்கரை. சென்னையில் விமானிகள் அறையில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருப்பவர், என்னைக் கண்டதும், "ஏளா, ஊர்ல சீலா என்ன வெல விக்கிதாம்?" என்று கேட்பார். என் வீடு கடற்கரையைவிட்டுத் தள்ளி மில்லர்புரத்தில், மீன் விலை எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. "மில்லர்புரத்துக்காரிக்கு மீனு பிரிட்ஜிலருந்துதான் பிறக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பார். அந்தக் கேலியில் ஒரு பாதுகாப்பு இருந்தது. பெண் விமானி என்று ஓரக்கண்ணால் பார்க்கிறவர்கள் நடுவில், இவள் நம்ம ஊர்ப் பிள்ளை என்று அவர் சொல்லிக்கொண்டது எனக்குத் தெம்பாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் நிறுவனத்தின் சிறிய விமானங்களில் புதிய கண்காணிப்பு முறை வந்தபோது அதைப் பற்றி வகுப்பெடுத்தவர் அவர்தான். விமானம் தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு தானே கணித்துக்கொள்ளும். பிறகு, நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்த உயரத்தில், இந்த வேகத்தில் போகிறேன் என்று ஓயாமல் ஒலிபரப்பும். தரையிலுள்ள விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் அதைக் கேட்கும். கருவி பொருத்திய மற்ற விமானங்களும் கேட்டு, விமானிக்கு முன்னாலுள்ள திரையில் ஒவ்வொன்றையும் பெயரோடு ஒரு சிறு அம்பாகக் காட்டும். நல்ல ஏற்பாடு. ரேடார் எட்டாத கடலின் மேல் பறக்கும்போது, சுற்றிலும் யார் யார் என்று கண்ணால் காண்பதன் நிம்மதி, அது இல்லாமல் பறந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அந்தக் கருவி மேல் ஒரு கோபமும் இல்லை.

வகுப்பில் அவர் கார்ச் சாவியால் திரையைத் தட்டித் தட்டிப் பேசினார். "இது கண்ணில்ல, காது. வாயத் தொறந்து சொல்லுதவன மட்டுந்தான் காட்டும். சும்மா வாரவனக் காட்டாது." பிறகு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் இன்னும் வள்ளத்தில் மீனுக்குப் போகிறவர். துறைமுகத்துக்கு வருகிற பெரிய கப்பல்களின் திரையில் மற்ற கப்பல்கள் தெரியும், வள்ளம் தெரியாது. ஒருமுறை கப்பல் ஒன்று அண்ணனின் வலையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாலுமி கடலைப் பார்க்கவேயில்லை. "அவனுக்குத் திரையில நாங்க இல்ல. அதனால கடல்லயும் இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இதைவிட நன்றாக யாரும் இதைச் சொல்லித்தர முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் பேசியவர்தான் பிறகு அப்படி எழுதினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரியாதவர் செய்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன்.

பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய சமயம் அது. மகளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. அவளை மில்லர்புரத்தில் அம்மாவிடம் விட்டிருந்தேன். கணவர் சரக்குக் கப்பலில் பொறியாளர், வருடத்தில் பாதிநாள் கடலில். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டு, பிள்ளையைப் பார்க்காமலே திரும்பிப் பறப்பேன். பாலை இயந்திரத்தில் கறந்து கழிப்பறையில் ஊற்றுவேன். எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்த காலம். வீட்டில் கேஸை அணைத்தேனா, மருந்தின் அளவு சரியா, நான் நல்ல தாயா. ஆனால் விமானத்தில் ஏறி இருக்கை வாரைப் பூட்டிக்கொண்டால் அந்தச் சந்தேகங்கள் வெளியே நின்றுவிடும். அங்கே என்ன பார்க்க வேண்டும், எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் ஒழுங்கு இருந்தது.

சித்திரை மாதத்துக் காலை. கடல் பக்கமிருந்து மேற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். கேப்டன் ஓட்டினார், கவனித்துச் சொல்வது என் வேலை. கீழே உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளாகப் பளபளத்தன. திரையில் எங்களைத் தவிர யாருமில்லை. முன்கண்ணாடியில், வலப்பக்கம், ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. பறக்கிற பொருள் கண்ணாடியில் நகர்ந்தால் பயமில்லை, விலகிப் போய்விடும். ஒரே இடத்தில் நின்றபடி பெரிதானால் அது நம்மீது வருகிறது. அந்தப் புள்ளி நகரவில்லை.

"கேப்டன், வலப்பக்கம் முன்னால, நம்ம உயரத்துல ஏதோ இருக்கு."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "ஒண்ணுமில்லையே. பருந்தா இருக்கும்."

"பருந்து இல்ல கேப்டன். பெருசாகுது. இடப்பக்கம் திருப்புங்க."

"திரையில இல்ல ஏளா. பிள்ள நெனப்ப வுட்டுட்டு வேலையப் பாரு."

அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. ஒரு நொடி நான் என்னையே சந்தேகித்தேன். தூக்கம் போதாத கண் எதையோ காட்டுகிறதோ என்று. அதற்குள் துணிக்குக் கீழே கால்கள் தெரிந்தன. இரண்டு முறை எச்சரித்தும் மூத்தவர் செயல்படாவிட்டால் துணை விமானி கட்டுப்பாட்டை எடுக்கலாம் என்பது எங்கள் விதி. அதற்குரிய சொல்லைச் சத்தமாகச் சொல்லிவிட்டு விமானத்தை இடப்பக்கம் சாய்த்தேன். அப்போதுதான் அந்த ஷூக்கள் கடந்தன. சாய்வில் கேப்டனின் பக்கம் தரையைப் பார்த்திருந்தது. அவரால் அவனைப் பார்த்திருக்கவே முடியாது. இதை நான் முதல்நாளிலிருந்தே ஒப்புக்கொள்கிறேன்.

விமானத்தின் பின்னால் சுழல்காற்று இருக்கும். அது அந்தத் துணியைச் சுருட்டி எறிந்திருக்கலாம். ஒரு மனிதன் விழுந்திருக்கலாம், உப்பளப் பக்கம் ஆளனுப்புங்கள் என்று கோபுரத்துக்குச் சொல்ல வாயெடுத்தேன். கேப்டன் முந்திக்கொண்டார். பறவை ஒன்று குறுக்கே வந்தது, சுற்றிவந்து இறங்குகிறோம் என்றார். இறங்கியதும் நான் கோபுரத்துக்குப் போன் செய்தேன். "கேப்டன் பறவைன்னு சொல்லிட்டாங்களே மேடம்" என்றது மறுமுனை. யாரும் தேடப் போகவில்லை. பயணிகள் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

நான் கட்டுப்பாட்டை எடுத்ததைப் பற்றி நடந்த விசாரணையில் அவர் எழுதிக்கொடுத்ததை எனக்கும் காட்டினார்கள். 'நான் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் அது உண்மை. 'அங்கே எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தார். கூடவே, குழந்தை பிறந்தபின் துணை விமானியிடம் பதற்றம் காணப்படுகிறது, மனநல ஆலோசனை நல்லது என்றும். அதிகாரிகள் அந்த நேரத்துக் கண்காணிப்புப் பதிவைச் சுவரில் ஓடவிட்டார்கள். எங்கள் விமானம் மட்டும் ஓர் அம்பாக வந்து, காரணமில்லாமல் இடப்பக்கம் திரும்புகிறது. குரல் பதிவில் நான் எச்சரித்தது இருந்தது. நான் பார்த்தது அதில் எப்படி இருக்கும்? ஒலிபரப்புக் கருவி இல்லாதவன் இதில் எப்படித் தெரிவான் என்று கேட்டேன். "அதான் தெரியலையேம்மா" என்றார் நடுவிலிருந்தவர், நான் கேப்டன் பக்கம் பேசியதைப் போல. என்னைப் பறக்கும் பணியிலிருந்து நிறுத்தினார்கள்.

அம்மாகூட நம்பவில்லை. "பிள்ள பெத்ததுலருந்தே உனக்கு எல்லாத்துக்கும் பயந்தான ஏளா. பருந்தாத்தான் இருக்கட்டுமே, எழுதிக் குடுத்துட்டு வேலைக்குப் போ" என்றாள். வேலை போவது எனக்குப் பெரிதுதான். ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது அதுவல்ல. அந்த மனிதன் செத்திருந்தால், அவன் இருந்தான் என்று அறிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். நானும் பருந்து என்று எழுதிவிட்டால் அவன் இரண்டாம் முறை சாவான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் உப்பளம் உப்பளமாகப் போனேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தாள். கேட்ட இடத்திலெல்லாம் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். கடைசியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் வாருபலகையை ஊன்றி நின்றாள்.

"ஆமா, ஒருத்தன் வந்து விழுந்தான். செவப்புக் கொட மாதிரி துணி. பாத்திக்குள்ள பொத்துன்னு விழுந்தான், உப்புத்தண்ணியெல்லாம் தெறிச்சிட்டு. கையப் பிடிச்சிக்கிட்டே எந்திச்சான். ரெண்டு பேரு ஜீப்புல வந்து அவசர அவசரமா துணியச் சுருட்டி அவனையும் ஏத்திட்டுப் போயிட்டாவ. பாத்தியக் கெடுத்துட்டியேலே, உங்கப்பனா வந்து கட்டுவான்னு வஞ்சேன். கையெடுத்துக் கும்பிட்டான்."

நான் அந்த வெயிலில் பாத்திவரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு என் முதுகைத் தடவினாள்.

அந்தப் பெண் வந்து சொல்லத் தயாராக இருந்தாள். அலுவலகத்தில் வேண்டாமென்றார்கள். தொழில்நுட்பச் சாட்சியமாக ஏற்க முடியாதாம். அனுமதியில்லாமல் பறந்தவன் தானாக வந்து நிற்கவும் போவதில்லை. நான் பருந்து என்று எழுதிக்கொடுக்கவில்லை. எனக்கு மனநோய் இல்லை என்று ஒரு மருத்துவர் சான்று கொடுத்த பிறகு, எனக்கு மன்னிப்பு வழங்குவதைப் போல் வேலையைத் திருப்பித் தந்தார்கள். கோப்பு 'பறவையாக இருக்கலாம்' என்று மூடப்பட்டது. உப்பளத்துப் பெண் சொன்னதைக் கேப்டனிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சென்ற மாதம் அவர் ஓய்வுபெற்றார். கடைசி விமானத்தைச் சொந்த ஊரில் இறக்கினார். மாலையில் ஓட்டல் அரங்கில் விருந்து. போகாமலிருக்கலாமா என்று சேலையைக் கட்டியபிறகும் யோசித்தேன். போகவேண்டியது முறை என்று போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு. புதிய முறையை நிறுவனத்தில் நிலைநாட்டியவர் என்று புகழ்ந்தார்கள். வானத்தில் இனி யாரும் ஒளிய முடியாது என்று ஒருவர் சொன்னதற்குக் கைதட்டல் எழுந்தது. கேப்டனும் கைதட்டினார்.

தட்டில் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனோடு அவர் என்னிடம் வந்தார். மகளுக்கு ஒன்று கொடுத்தார். "ஓடுதாளா?"

"ஓடுதா கேப்டன்."

அவர் போகவில்லை. யாரும் அருகில் இல்லையென்று பார்த்துக்கொண்டார். பிறகு தட்டைப் பார்த்தபடி, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அவன் தப்பிச்சிட்டானா ஏளா?"

எத்தனையோ நாள் இந்த மனிதர் தூங்காமல் இருந்திருக்கிறார் என்று அந்தக் குரலில் தெரிந்தது. இரக்கம் வரவேண்டிய இடம். எனக்கு வந்தது இரக்கமில்லை. இவர் என்னை நம்பியிருக்கிறார். அன்றிலிருந்தே நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டேதான் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

"எவன், கேப்டன்?" என்றேன்.

அவர் வாய் அசைந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். பாராசூட்காரன் என்றோ, அந்த ஆள் என்றோ. அதற்குள் புகைப்படக்காரர் கூப்பிட்டார். அவர் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மாலைகளுக்கு நடுவே போய் நின்றார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. ஒரு முதியவரை இப்படித் தவிக்கவிடுவது பாவம்தானே என்று பிள்ளைக்குச் சோறூட்டும்போது தோன்றும். சொல்லிவிடலாம் என்று போனைக் கையிலெடுப்பேன், வைப்பேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப்போனான் என்பது ஒரே வரி. அவர் கேட்கட்டும், ஆனால் என்னிடம் போனில் அல்ல. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கட்டும், அன்று அங்கே இருந்தவன் என்ன ஆனான் என்று.