அறுபத்து மூன்றாம் எண் இலை

சாவோ பாவுலோ மாநிலத்தின் ஆரஞ்சு விளையும் ஓர் ஊரில் ஜுரேமா என்ற பெயரைக் கேட்டாலே தோட்டக்காரர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்கள். அவள் ஒன்றும் பேயல்ல. விவசாயிகள் சங்க ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இலை அரைப்பவள். ஆரஞ்சு மரங்களைப் பரவி அழிக்கும் நோயின் கிருமி, இலையின் நடு நரம்பில்தான் குடியிருக்கும். அந்த நரம்பை மட்டும் வெட்டி, சிறு உரலில் அரைத்து, வடித்து, குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றினால் டி.என்.ஏ. வெள்ளை நூலாகத் திரளும். அதை இயந்திரத்தில் வைப்பாள். திரையில் கோடு மேலேறினால் நோய் உண்டு, மரத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

குழாயில் பெயர் எழுத மாட்டாள், எண் மட்டுமே; எண் போட்டுப் பதிவேட்டில் பெயரைக் குறிப்பது எழுத்தர் வேலை. பெயர் தெரிந்தால் மனம் இளகிவிடுமாம். அப்படித்தான் சொந்தத் தம்பியின் நாற்பது மரங்களையும் சாய்த்தாள்.

"ஊரான் மரம்னா பிடுங்கச் சொல்றா. அவ வீட்டு மரத்தையும் சோதிக்கட்டுமே," என்று ஒரு கூட்டத்தில் பக்கத்து வீட்டு ஒஸ்மார் சொன்னார். சங்கத் தலைவர் அஜெனோர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நோய் ஒழிப்பைப் பற்றி மூச்சு விடாமல் நாற்பது நிமிடம் பேசக்கூடியவர். மரத்தைப் பறிகொடுத்தவர்களின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் தனி விருப்பம் உள்ளவர்.

ஜுரேமா வீட்டு முற்றத்தில் நின்றது ஒரே ஒரு ஆரஞ்சு மரம். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அதற்கு லூர்தெஸ் என்று பெயரே வைத்திருந்தார் அவள் கணவர் வால்டீர். மனைவியிடம் சொல்லாத துக்கத்தையெல்லாம் லூர்தெஸிடம் சொல்லுவார், அந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்.

"நீங்களே பறிச்சுக் குடுங்க. நான் பறிச்சா ஊரு நம்பாது," என்றாள் ஜுரேமா.

அவர் கொடுத்த பத்து இலைகளும் கரும்பச்சையாக மின்னின. அவள் சந்தேகப்படவில்லை. அந்த ஊரில் யாருமே அசிங்கமான இலையை ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோலத் துடைத்துத்தான் அனுப்புவார்கள். மஞ்சள் பூத்த இலையைப் பறியுங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை, கூடம் நிறைந்த கூட்டத்தில், நோய் கண்ட எண்களை வாசித்தாள். அறுபத்து மூன்று என்றதும் எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"உங்க வீட்டு மரம்மா."

ஜுரேமா கையிலிருந்த தாளை மடித்தாள். அஜெனோர் விரைந்து வந்து அவள் தோளில் கை போட்டார். புகைப்படக்காரர் தயாரானார்.

"அது எங்க இலையே இல்ல," என்று பின்வரிசையிலிருந்து வால்டீர் எழுந்தார்.

"பின்ன யாரோடது?" என்று கேட்டார் எழுத்தர்.

"தலைவரு வீட்டு மரம். ஊர்லயே ஆரோக்கியமான மரம்னு அவருதானே மேடைக்கு மேடை சொல்றாரு. அதான் மதில் ஏறிப் பறிச்சேன்."

தலைவரின் கை அவள் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

"குழாய் மாறியிருக்கும். இயந்திரமும் பழசு. மரத்துல ஒரு இலைகூட மஞ்சளா இல்லியே," என்றார்.

"நோய் வந்து பல மாசம் வெளியே தெரியாதுங்க. என் தம்பியும் இதையேதான் சொன்னான். அவனுக்கு நீங்க கால்மணி நேரம் விளக்கம் குடுத்தீங்க," என்றாள் ஜுரேமா.

அன்றே ஊர் பார்க்க இரண்டு மரத்திலும் புதிதாக இலை பறித்தார்கள். திங்கட்கிழமை இரண்டு கோடுகளும் மேலேறின. வால்டீர் முட்டி சிராய்த்துக்கொண்டு மதில் ஏறியதற்குக் கிடைத்த பலன், ஒரு மரம் போக வேண்டிய இடத்தில் இரண்டு போனது.

தலைவரின் மரம் புகைப்படக்காரர் இல்லாத ஒரு மத்தியானத்தில் சத்தமின்றி வீழ்ந்தது. லூர்தெஸின் அடிமரத்தில் கயிறு கட்டிய வால்டீர் யாரையும் கிட்டே விடவில்லை.

"தள்ளிப் போ. நீதானே கொன்ன," என்றார் மனைவியிடம்.

அவள் போகவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். வேர் முறிந்து மரம் சாய்ந்தபோது, பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாகத் தெருவே பார்க்க விம்மி அழுதாள்.

மதிலுக்கு மேல் ஒஸ்மாரின் தலை தெரிந்தது.

"ஜுரேமா அம்மா, அழுது முடிச்சதும் எங்க எலுமிச்சையையும் கொஞ்சம் பாத்துடுங்களேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு தலையசைத்தாள். வால்டீர் கயிற்றை விட்டுவிட்டு, அன்று முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தார்.